கரியில் ஓடிய பஸ்: பெட்ரோல் கிடைக்காத நாளில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் என்ன செய்தார்?

தஞ்சாவூரில் இருக்கும் என் மாமா போன வருடம் எலெக்ட்ரிக் கார் வாங்கினார். அதற்கு முன் மூன்று மாதம் வீட்டில் ஒரே விவாதம். கும்பகோணம் போய்விட்டு வர சார்ஜ் போதுமா? வேளாங்கண்ணிக்குப் போனால் திரும்பி வர முடியுமா? கரன்ட் போச்சுன்னா? பேசாமல் பெட்ரோல் காரே வாங்கிவிடலாமே? அல்லது இரண்டும் கலந்த ஹைபிரிட்?

இந்தக் கேள்விகள் புதுசு மாதிரி தெரியும். ஆனால், இதே டெல்டாவில் எண்பது வருடங்களுக்கு முன்னாலேயே வண்டி வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்ரோலா, வேறு ஏதாவதா? நடுவழியில் நின்றால் என்ன செய்வது? அப்போது பதில் தேடியவர்களில் முக்கியமானவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர்.

பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆள் யார் என்று கேட்டால் பலரும் முழிப்போம். நானும் முழித்தேன்.

யார் இவர்?

1877 மார்ச் 22 அன்று, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் திருக்குறுங்குடியில் பிறந்தார். திருக்குறுங்குடி வெங்கரம் சுந்தரம் என்பதன் முதல் எழுத்துகள்தான் டி.வி.எஸ். வக்கீலாகத் தொடங்கினார். பிறகு ரயில்வேயில் வேலை. அதற்குப் பிறகு வங்கி வேலை. அந்தக் காலத்தில் ரயில்வே வேலையும் வங்கி வேலையும் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டையும் விட்டுவிட்டு, 34 வயதில், 1911-ல் மதுரையில் சொந்த நிறுவனம் தொடங்கினார். இன்றைய மொழியில் சொன்னால் ஸ்டார்ட்-அப்.

அடுத்த வருடமே மோட்டார் பஸ் விடும் தொழிலில் இறங்கினார். தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர் என்று இன்றும் அவரைச் சொல்வது இதனால்தான். அவருடைய ஆரம்பகால வழித்தடங்களில் ஒன்று தஞ்சாவூர் - புதுக்கோட்டை.

ஏன் தஞ்சாவூர் - புதுக்கோட்டை?

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தஞ்சாவூருக்கு 1860-களிலேயே ரயில் வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போன பாதை தென்னிந்தியாவின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று. நெல் விளையும் ஊர், துறைமுகம் பக்கம், ரயில் விட்டால் லாபம். தஞ்சை ஜில்லா போர்டு தன் பணத்திலேயே தனியாக ரயில் பாதை போட்ட வரலாறும் உண்டு. ஆக, டெல்டாவுக்குள் ரயிலுக்குப் பஞ்சமில்லை.

புதுக்கோட்டை வேறு கதை. அது தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். அங்கே ரயில் வந்தது 1929-ல்தான். அதுவரை தஞ்சாவூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர் மேற்கொண்டு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போக மாட்டு வண்டியையோ குதிரை வண்டியையோதான் பார்க்க வேண்டும். மாட்டு வண்டி என்றால் ஒரு இரவும் பகலும் போய்விடும். மோட்டார் பஸ் அதைச் சில மணி நேரமாகச் சுருக்கியது. ரயில் எங்கே முடிகிறதோ அங்கே பஸ் தொடங்க வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

அப்போது பெட்ரோல் பங்க் கிடையாது. பெட்ரோல் தகர டின்களில் வரும். வழியில் தீர்ந்தால் அவ்வளவுதான். இன்றைக்கு எலெக்ட்ரிக் கார்காரர்கள் படும் ரேஞ்ச் கவலையை முதலில் பட்டவர்கள் பெட்ரோல் வண்டிக்காரர்கள்தான்!

அதே 1912-ல் அமெரிக்காவில் இன்னொரு விஷயம் நடந்தது. 1900 வாக்கில் அங்கே எலெக்ட்ரிக் கார்களும் நீராவிக் கார்களும் பெட்ரோல் கார்களுக்குச் சரிக்குச் சரி போட்டியாக ஓடின. பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்ய முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுழற்ற வேண்டும். கம்பி எதிர்த்து அடித்தால் கை முறியும். எலெக்ட்ரிக் காரில் அந்தத் தொல்லை இல்லை. 1912-ல் காடிலாக் காரில் பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும் எலெக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. எலெக்ட்ரிக் காருக்கு இருந்த பெரிய வசதியை பெட்ரோல் கார் தனக்குள் இழுத்துக்கொண்டது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி ஏற்கெனவே விலையைக் குறைத்திருந்தது. அதன் பிறகு எலெக்ட்ரிக் கார் மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

டெல்டா கிராமங்களில் அப்போது மின்சாரமே கிடையாது. எனவே, சுந்தரத்துக்குத் தேர்வு என்று எதுவும் இல்லை. பெட்ரோல்தான்.

நேரம் தவறாத பஸ்

மதுரைப் பக்கம் வயதானவர்களிடம் பேசினால் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்களாம். இன்னொன்று, சாலையில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்க காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் ஓடவிடுவார்களாம். மாடும் குதிரையும் நடக்கும் சாலையில் லாட ஆணி விழுந்துகொண்டே இருக்கும், டயர் பஞ்சராகும், பஸ் தாமதமாகும். எனவே, ஆணியையே எடுத்துவிடு. கேட்கும்போது கொஞ்சம் மிகைப்படுத்திய கதை மாதிரி இருக்கும். ஆனால், ஒரு நிறுவனத்தைப் பற்றி ஊர் எந்த மாதிரிக் கதையைச் சொல்கிறது என்பதும் ஒரு தகவல்தான்.

பஸ்ஸும் லாரியுமாக வளர்ந்த தொழில் சதர்ன் ரோட்வேஸ் என்ற நிறுவனமானது. உதிரி பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், கார் விற்பனைக்கு சுந்தரம் மோட்டார்ஸ், தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் போட ஒரு தொழிற்சாலை. 1950-களில் சுந்தரம் மோட்டார்ஸ் இந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் மிகப் பெரிய விநியோகஸ்தர். பஸ் விடுகிறவருக்கு எது எதெல்லாம் தேவைப்பட்டதோ அதையெல்லாம் தானே தொழிலாக்கிக்கொண்டார்.

ஒரு மகள்

தொழிலை விட்டு ஒரு நிமிடம் வீட்டுக்கு வருவோம். சுந்தரம் - லட்சுமி அம்மாள் தம்பதியின் மகள் சௌந்தரம். 1904-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம். கணவர் டாக்டர். பிளேக் நோயில் இறந்துபோனார். இளம் விதவையை மூலையில் உட்காரவைப்பதுதான் அன்றைய ஆசாரக் குடும்பங்களின் வழக்கம். பெற்றோர் அப்படிச் செய்யவில்லை, படிக்க அனுப்பினார்கள். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டரானார்.

ஆனால், அவர் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்ய விரும்பியபோது வீட்டில் சம்மதம் இல்லை. காந்தியின் ஆசியுடன் 1940-ல் அந்தத் திருமணம் நடந்தது. பிறகு கணவரும் மனைவியுமாகத் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். புதுமையை ஏற்பதில் சுந்தரத்துக்கும் ஒரு எல்லை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பர்மா போச்சு, பெட்ரோலும் போச்சு

இரண்டாம் உலகப் போர். 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. அடுத்த சில வாரங்களில், பின்வாங்கிய பிரிட்டிஷார் பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள். கடலில் டேங்கர் கப்பல்களுக்கும் பாதுகாப்பு இல்லை. கிடைத்த பெட்ரோல் முதலில் ராணுவத்துக்கு.

டெல்டாவுக்கு இது இரட்டை அடி. பர்மாவிலிருந்து பெட்ரோல் மட்டும் வரவில்லை, அரிசியும் வந்துகொண்டிருந்தது. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளப் பகுதிகளில், பர்மா அரிசியை நம்பிய வீடுகள் ஏராளம். அது நின்றதும் எல்லோர் கண்ணும் தஞ்சாவூர் நெல் மேல் விழுந்தது. நெல்லை ஏற்ற லாரி வேண்டும். லாரிக்கு பெட்ரோல் இல்லை.

போதாததற்கு, 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னையே பாதி காலியானது. மூட்டை முடிச்சோடு சொந்த ஊருக்குக் கிளம்பிய குடும்பங்களுக்கு ரயில் ஸ்டேஷனிலிருந்து கிராமம் வரை போக பஸ் வேண்டும்.

இந்த நேரத்தில் சுந்தரத்துக்கு வயது 65. நூற்றுக்கணக்கானோர் பிழைப்பு அவர் வண்டிகளின் சக்கரத்தில் இருக்கிறது. பஸ் நின்றால் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லோரும் வீட்டில்தான். அப்போது அவருடைய நிறுவனம் வடிவமைத்துத் தயாரித்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். மக்கள் வைத்த பெயர் இன்னும் எளிமையானது: கரி பஸ்.

கரியில் பஸ் எப்படி ஓடும்?

இன்று கேஸ் வண்டி என்றால் நமக்கு சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. இது அது இல்லை. இதில் வண்டியே தன் கேஸைத் தயாரித்துக்கொள்ளும்.

பஸ்ஸின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ பெரிய இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதில் மரக்கரியை நிரப்பி அடியில் தீ மூட்டுவார்கள். விஷயம் இங்கேதான். கரி முழுசாக எரிந்தால் வருவது கார்பன் டை ஆக்சைடு. அதை வைத்து இன்ஜினை ஓட்ட முடியாது. காற்றைக் குறைவாக விட்டால் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அது எரியும் வாயு. கொஞ்சம் நீராவியும் சேர்த்தால் ஹைட்ரஜனும் கிடைக்கும். இந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பல் தூசியை வடிகட்டி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் ஆவியின் இடத்தில் இது எரியும். சுமார் ஒன்றரை கிலோ கரி ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும்.

இது சுந்தரத்தின் கண்டுபிடிப்பா? இல்லை. ஐரோப்பாவில் ஜார்ஜ் இம்பேர் போன்றவர்கள் 1920-களிலேயே மரத்தில் ஓடும் வண்டிகளை உருவாக்கியிருந்தார்கள். போர்க்காலத்தில் ஜெர்மனியில் மட்டும் லட்சக்கணக்கான வண்டிகள் மரவாயுவில் ஓடின. சுந்தரம் செய்தது, இங்கே கிடைத்த இரும்பையும் கரியையும் வைத்து, இங்குள்ள பஸ்களுக்குப் பொருந்துகிற மாதிரி அதைச் செய்து கொடுத்தது. அதுவும் தன் பஸ்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், பொருளாகவே தயாரித்தார்.

சரி, தினசரி ஓட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்?

காலையில் கரி நிரப்ப வேண்டும். தீ மூட்டி, கையால் ஊதுவிசிறியைச் சுற்றோ சுற்று என்று சுற்ற வேண்டும். நல்ல கேஸ் வர பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். கரி ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் எது காய்ந்து கிடக்கும்? வழியில் நிறுத்தி, கிளறி, சாம்பல் தள்ளி, மறுபடி கரி போட வேண்டும். பில்டரைச் சுத்தம் செய்யாவிட்டால் கரித்தூள் இன்ஜினையே தின்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் முழு சக்தி கிடைக்காது. இந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன்தான். பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். மேடு வந்தால் பஸ் திணறும். ஆட்களை இறக்கித் தள்ளச் சொன்ன கதைகள் பல ஊர்களில் உண்டு.

இங்கேதான் டெல்டாவுக்கு ஒரு அதிர்ஷ்டம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணமோ மன்னார்குடியோ திருவாரூரோ, எங்கே போனாலும் தரை சமம். ஆற்றுப் பாலத்தின் ஏற்றம்தான் பெரிய மேடு. சக்தி குறைந்த வண்டிக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. தூரமும் பெரிதில்லை, நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு டவுன். (எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். கொடைக்கானல் ஏறுகிற ரேஞ்ச் கணக்கு வேறு, காவிரிக் கரையில் ஓடுகிற கணக்கு வேறு.)

அந்தக் கால ஹைபிரிட்

பல கரி வண்டிகளை டிரைவர்கள் முதலில் கொஞ்சம் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்வார்கள். கேஸ் தயாரானதும் அதற்கு மாற்றுவார்கள். மேட்டில் திணறினால் மறுபடி ஒரு வாய் பெட்ரோல். ரேஷனில் கிடைத்த சொற்ப பெட்ரோலை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பது டிரைவர் கையில் இருந்த வித்தை.

இன்றைய பிளக்-இன் ஹைபிரிட் காரின் தத்துவமும் இதுதான். தினசரி ஓட்டத்துக்கு விலை குறைந்த சக்தி, அவசரத்துக்கு பெட்ரோல். வித்தியாசம், அந்த முடிவை இப்போது கம்ப்யூட்டர் எடுக்கிறது. நம்மூர் ஷோரூம்களில் ஹைபிரிட் என்று விற்பவை பெரும்பாலும் பிளக் இல்லாதவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றை வீட்டில் சார்ஜ் செய்ய முடியாது. கடைசியில் எல்லாச் சக்தியும் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது.

கணக்கில் வராத ஆள்

கரி பஸ் பற்றிப் படிக்கும்போது எனக்கு மண்டையில் உட்கார்ந்தது ஒரு ஆள்: கிளீனர். விடியற்காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து தீ மூட்டுவது, விசிறி சுற்றுவது, கொதிக்கும் உருளையைத் திறந்து கரி கொட்டுவது, சாம்பல் அள்ளுவது எல்லாம் பெரும்பாலும் அவர் தலையில்தான். கார்பன் மோனாக்சைடு நிறமில்லாத, வாசனையில்லாத விஷ வாயு. மூடிய ஷெட்டுக்குள் சுவாசித்தால் முதலில் தலைவலி, பிறகு மயக்கம், உயிரே போகலாம். கரி பெட்ரோலைவிட மலிவா என்ற கணக்கில் அந்த ஆளின் நுரையீரலும் சுட்ட கையும் சேரவில்லை. சுந்தரம் தொழிலாளர்களை நன்றாக நடத்தியவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால், இந்த இயந்திரத்தின் குணமே அப்படி.

போர் முடிந்து பெட்ரோல் சீராகக் கிடைக்கத் தொடங்கியதும் கரி பஸ் சில வருடங்களில் காணாமல் போனது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சுந்தரமும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவருக்குக் கரி மேல் பற்றும் இல்லை, பெட்ரோல் மேல் பற்றும் இல்லை. பஸ் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், அதற்கு எது கையில் கிடைக்கிறதோ அது. பின்னர் பெரிய வண்டிகளில் டீசல் வந்தபோதும் இதே கதைதான்.

மகன்கள் தலையெடுத்ததும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். 1955 ஏப்ரல் 28 அன்று, 78 வயதில் காலமானார். 1972-ல் தமிழக அரசு பெரிய பஸ் நிறுவனங்களைத் தன் வசம் எடுத்தது. மதுரையில் பாண்டியன், கும்பகோணத்தில் சோழன் எனப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. டி.வி.எஸ். பெயர் பஸ்ஸிலிருந்து இறங்கியது. 1980-களில் ஓசூரில் தயாரான மொபெட்டில் ஏறியது. டெல்டாவில் உர மூட்டையும் பால் கேனும் சுமக்கும் டி.வி.எஸ். 50-ஐ அறியாதவர் உண்டா? 2020-ல் அதே பெயரில் ஐக்யூப் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் வந்துவிட்டது.

இன்று கணக்கு எப்படி?

தஞ்சாவூர் - கும்பகோணம் போக வர சுமார் 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் ஐந்தரை லிட்டர் வரை ஆகும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் 530 ரூபாய்க்கு மேல். எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறிலிருந்து ஏழு கிலோமீட்டர் ஓடும் என்றால் 12, 13 யூனிட். வீட்டில் சார்ஜ் செய்தால் உங்கள் ஸ்லாபைப் பொறுத்து நூறு ரூபாய் அல்லது கொஞ்சம் மேலே. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் இரண்டு, மூன்று மடங்கு ஆகிவிடும். அதாவது, வீட்டில் பிளக் பாயின்ட் இருக்கிறவருக்கும் வாடகை வீட்டு மாடியில் இருக்கிறவருக்கும் ஒரே கார் ஒரே லாபம் தராது. வாங்கும்போது கொடுக்கும் கூடுதல் விலையை மீட்க, தினமும் ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற காருக்கு இந்தக் கணக்கு உதவாது.

கரி பஸ்ஸோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம்: இதில் விடியற்காலையில் எழுந்து விசிறி சுற்ற ஆள் வேண்டாம். இரவு பிளக்கைச் சொருகினால் போதும். வசதியில் தோற்றுத்தான் கரி காணாமல் போனது. எலெக்ட்ரிக் காருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, கரன்ட் இருக்கும் வரை.

அந்தக் கடைசி வார்த்தைதான் மாமாவுக்கு உறுத்தல். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டாவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் கரன்ட் திரும்பி வர வாரக் கணக்கானது. செல்போன் சார்ஜ் போடவே ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் க்யூ நின்றது. அந்த மாதிரி ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால்?

மாமா எலெக்ட்ரிக் காரைத்தான் வாங்கினார். தினமும் ஆபீஸ், வார இறுதியில் வயல், எல்லாமே அதில்தான். ஆனால், கொல்லைப்புற ஷெட்டில் பழைய மொபெட் ஒன்று தார்பாய் போட்டு நிற்கிறது. விற்றுவிடலாமே என்று அத்தை எத்தனையோ முறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஐப்பசிக்கும் மாமா அதை எடுத்துத் துடைத்து, இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, ஒருமுறை கிக் செய்து பார்த்துவிட்டு, மறுபடி மூடி வைக்கிறார்.